ஒரு சாண் தூரத்து ஃபிளாஷ்: மேக்ரோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாமரத்தில் இலைகளைத் தைத்துக்கொண்டிருந்த முசுறு எறும்புகளை ஒரு காலை முழுக்கப் படமெடுத்தேன். பாதிக்கு மேல் வெறும் கருப்புப் படங்கள். ஃபிளாஷ் எரியவே இல்லை. கேமராவிலிருந்து ரேடியோ அலையால் ஃபிளாஷை எரியவைக்கும் டிரிகரின் பேட்டரியை மாற்றினேன், சேனலை மாற்றினேன், பயனில்லை. சலித்துப்போய் ஃபிளாஷை இரண்டடி தள்ளி வைத்தேன். அதன் பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை.

பல மீட்டர் தூரத்துக்குச் சமிக்ஞை அனுப்பச் செய்த ரேடியோ டிரிகர், ஒரு சாண் தூரத்தில் இருக்கும் ரிசீவரைத் திணறடித்துவிடும். மேக்ரோவில், அதாவது சிறு உயிர்களை மிக நெருங்கிப் படமெடுக்கும்போது, கேமராவுக்கும் ஃபிளாஷுக்கும் இடையே பெரும்பாலும் அந்த ஒரு சாண்தான். கோடாக்ஸ் எக்ஸ்2டி போன்ற டிரிகர்களின் மெனுவில் இதற்கென்றே 0-30 மீட்டர் என்ற அமைப்பு இருக்கிறது. 1-100 மீட்டரில் இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத மலிவான டிரிகர் என்றால், ஃபிளாஷின் உடலைச் சற்றே திருப்பிவைத்துப் பாருங்கள்.

ஆனால் என் கருத்தைக் கேட்டால், கையில் பிடித்து மேக்ரோ எடுப்பவர் முதலில் வாங்க வேண்டியது டிரிகரே அல்ல, சுருள் கேபிள். ஒரு முனை கேமராவின் ஹாட் ஷூவில் (மேலே ஃபிளாஷ் செருகும் இடம்), மறுமுனையில் ஃபிளாஷ். பேட்டரி தேவையில்லை, சேனல் குழப்பமில்லை, கேமராவே ஒளியளவைக் கணிக்கும் டிடிஎல் வசதியும் அப்படியே கிடைக்கும். வயர்லெஸ் என்ற சொல்லின் கவர்ச்சியில் இதைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். கையெட்டும் தூரத்துக்கு ரேடியோ எதற்கு?

எதை வாங்குவதற்கு முன்பும் உங்கள் கேமராவின் ஹாட் ஷூவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நடுவில் பெரிய உலோகப் புள்ளி ஒன்று இருக்க வேண்டும். கேனான் 3000டி, 200டி மார்க் 2 போன்ற சில மலிவு விலை மாடல்களில் அந்த நடுப்புள்ளி இல்லை. அந்தப் புள்ளியை நம்பியே இயங்கும் சாதாரண மேனுவல் ஃபிளாஷும் டிரிகரும் அவற்றில் எரியாது; கேபிள் போட்டாலும் எரியாது. அந்த மாடலுக்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளரே சொல்லும் டிரிகரைத்தான் வாங்க வேண்டும். கடையில் கேமராவோடு சேர்த்துப் பொருத்தி, ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

டிரிகரும் வேண்டாம், கேமராவிலேயே உள்ள சிறிய ஃபிளாஷைக் கொண்டு வெளி ஃபிளாஷை எரியவைக்கலாம் என்பவர்கள் வெளி ஃபிளாஷில் உள்ள எஸ்1, எஸ்2 முறைகளின் வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுகிறார்கள் (இரண்டுமே இன்னொரு ஃபிளாஷின் ஒளியைப் பார்த்து எரியும்; எஸ்2 மட்டும் முன்னொளியைப் பொருட்படுத்தாது). டிடிஎல் முறையில் கேமரா ஃபிளாஷ் இரண்டு முறை எரியும். முதலாவது அளவு பார்ப்பதற்கான முன்னொளி. எஸ்1-இல் இருக்கும் ஃபிளாஷ் அந்த முன்னொளிக்கே எரிந்து தீர்ந்துவிடும். ஷட்டர் திறக்கும்போது அதனிடம் ஒளி இருக்காது. கண்ணுக்கு எரிந்ததுபோலத் தெரியும், படத்தில் ஒன்றும் இருக்காது. எஸ்2-க்கு மாற்றுங்கள், ரெட் ஐ குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது ஷட்டர் வேகம். பூச்சி அசைகிறது என்று 1/500 நொடி வைத்தால் படத்தின் ஓரத்தில் கருப்புப் பட்டை விழும். ஃபிளாஷோடு சேர்ந்து இயங்க, பெரும்பாலான ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களின் எல்லை 1/200. மலிவான டிரிகர் சிறிது தாமதிப்பதால் 1/160 பாதுகாப்பானது. அசைவை உறையவைப்பது இங்கே ஷட்டர் அல்ல, ஃபிளாஷ். கோடாக்ஸ் டிடி600 ஃபிளாஷ் முழுத் திறனில் ஏறத்தாழ 1/300 நொடி ஒளிரும். 1/128 திறனில் 1/20000 நொடிதான். ஆகவே திறனைக் கூட்டாதீர்கள், ஃபிளாஷை நெருக்குங்கள். 40 சென்டிமீட்டரிலிருந்து 20-க்குக் கொண்டுவந்தால் ஒளி நான்கு மடங்காகும். 1/4 திறனில் எடுத்ததை 1/16-இல் எடுக்கலாம். அந்த எல்லையைத் தாண்டிய ஷட்டர் வேகத்திலும் ஃபிளாஷை இயக்கும் ஹை ஸ்பீடு சிங்க் இதற்கு மாற்றாகாது. அதில் ஃபிளாஷ் விட்டுவிட்டுத் துடிப்பதால் திறனும் குறையும், உறையவைக்கும் ஆற்றலும் போய்விடும்.

ஒரு எளிய சோதனை: 1/160, எஃப் 11, ஐஎஸ்ஓ 100 வைத்து, ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். அது முழுக் கருப்பாக வர வேண்டும். எறும்பின் உருவம் மங்கலாகவாவது தெரிந்தால், வெயில் உள்ளே வருகிறது. ஃபிளாஷ் பதிக்கும் கூர்மையான உருவத்தின்மேல் அசைந்த நிழலுருவமும் சேர்ந்து பதியும். குடையைப் பிடித்து நிழலாக்குங்கள்.

இப்படி ஃபிளாஷ் மட்டுமே ஒளி தரும்போது, ரிமோட் ஷட்டரை அதிர்வுக்குப் பயந்து வாங்க வேண்டியதில்லை. ஓரிடத்துக்கே திரும்பத் திரும்ப வரும் உயிருக்காகக் காத்திருக்கத்தான் அது தேவைப்படுகிறது. ஜன்னல் சட்டத்தில் மண்கூடு கட்டும் குளவி நல்ல எடுத்துக்காட்டு. முக்காலியில் கேமராவை நிறுத்தி, கூட்டின் வாயில் ஃபோகஸ் செய்துவிட்டு, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால், குளவி வந்த நொடியில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடும், ஷட்டர் விழாது. அகச்சிவப்பு ரிமோட்டின் கண் பல கேமராக்களில் முன்பக்கத்தில்தான் இருக்கிறது. ஃபிளாஷின் ஒளியை மென்மையாக்கும் பெரிய டிஃப்யூசர் அதை மறைத்துவிடும். கம்பி ரிமோட்டே மேல். உங்கள் கேமராவுக்கு எந்த முனை என்று பாருங்கள்: ஆரம்பநிலை கேனான்கள் பலவற்றில் 2.5 மில்லிமீட்டர், ஹெட்போனின் 3.5 அல்ல.

பிறகு ஃபிளாஷின் உறக்க அமைப்பு. சும்மா இருந்தால் பல ஃபிளாஷ்கள் தாமாகவே உறங்கிவிடும். குளவி ஈர மண்ணுருண்டையைத் தாடையில் கவ்விக்கொண்டு வந்து, கூட்டின் விளிம்பில் அதைப் பட்டையாக இழுத்துப் பூசும் சில நொடிகளுக்காகத்தான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். மெனுவில் உறக்கத்தை அணைத்து, முழுதாகச் சார்ஜ் செய்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளைப் போட்டு, குளவி கிளம்பிப் போன இடைவெளியில் வெறும் கூட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஈரம் காயாத புது வளையம் பழைய மண்ணைவிடக் கருமையாகத் தெரியும். அந்த நிற வேறுபாடு படத்தில் துலங்கினால், ஒளி சரியாக விழுகிறது.