டிரெய்லர் பிரேக்: மேக்னட் மாத்துறதுக்கு முன்னாடி வெள்ளை ஒயரைப் பாருங்க

ஒன்டாரியோல சாமானோட சேத்து 1,360 கிலோவோ அதுக்கு மேலயோ வர்ற டிரெய்லருக்கு பிரேக் இருந்தே ஆகணும், அது சட்டம். ஆனா பிரேக் இருக்கிறது வேற, பிடிக்கிறது வேற. போன வருஷம் கேம்பரை இழுத்துட்டு ஹைவே 400ல வர்றப்போ பிரேக்கை மிதிச்சா பின்னாடி இருந்து யாரோ தள்ற மாதிரியே இருந்துச்சு, ஒரு கடையில காட்டினா நாலு மேக்னட்டும் (கரண்ட் வந்ததும் பிரேக்கைப் பிடிக்க வைக்கிற காந்தம், சக்கரத்துக்கு ஒண்ணு) போச்சு மாத்தணும்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கிற 7 பின் பிளக்கை கழட்டினா வெள்ளை ஒயரோட ஸ்க்ரூவுல பச்சையா பூத்துக் கிடக்கு. சொரண்டி ஒயர் முனைக்கு புது லக் அடிச்சதோட சரியாயிடுச்சு.

வெள்ளை தான் எர்த், நீலம் பிரேக், கறுப்பு 12 வோல்ட். பழைய டிரெய்லர்ல எவனாவது கலரை மாத்தி இணைச்சிருப்பான், அதனால டெஸ்டர் வச்சு பாக்காம நம்பாதீங்க. லைட்டெல்லாம் எரியுதே அப்புறம் என்னன்னு கேப்பீங்க, பல்புக்கு கொஞ்சூண்டு கரண்ட் போதும், 10 இஞ்ச் டிரம்ல ஒரு மேக்னட்டே சுமார் 3 ஆம்ப்ஸ் இழுக்கும், ரெண்டு ஆக்ஸில்னா மொத்தம் 12. டிரெய்லரை மாட்டுற ஹிட்ச் பால் வழியா வர்ற எர்த்தை நம்பி ஓட்டினா இங்க தான் மாட்டுவீங்க. இங்க குளிர்காலத்துல ரோட்ல கொட்டுற உப்புக்கு டேப் சுத்தின ஜாயின்ட் எல்லாம் தாங்காது, உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் கிரிம்ப் போடுங்க, பிரேக்குக்கும் எர்த்துக்கும் 12 கேஜுக்கு குறையாத ஒயர்.

அளந்து பாக்கணும்னா வண்டிக்குள்ள இருக்கிற பிரேக் கன்ட்ரோலர்ல கெயினை (பிரேக்குக்கு எவ்வளவு கரண்ட் போகணும்ங்கிற அளவு) முழுசா வச்சு, ஒரு ஆள் அதோட கை சுவிட்சை அமுக்கிட்டே இருக்கட்டும், நீங்க நீல ஒயர்ல டிசி கிளாம்ப் மீட்டர் போடுங்க. சாதா மல்டிமீட்டரை நடுவுல போட்டுடாதீங்க, நிறைய மீட்டர் 10 ஆம்ப்ஸ் தான் தாங்கும், நான் ஒரு ஃபியூஸை இப்படித்தான் எரிச்சேன். கரண்ட் கம்மியா வந்தா கனெக்‌ஷன் கோளாறு, ரொம்ப அதிகம்னா எங்கயோ ஷார்ட்.

கரண்ட் சரியா இருந்தும் பிடிக்கலைன்னா பிரேக் ஷூ டிரம்மை விட்டு தூரமா இருக்கும். மத்த சக்கரத்துக்கு கட்டை வச்சுட்டு, ஜாக்கியை ஆக்ஸில் குழாய்ல வைக்காம ஃபிரேம்ல வச்சு தூக்குங்க. பின்பக்க தட்டுல இருக்கிற ரப்பர் மூடியை எடுத்தா உள்ள ஷூவை நெருக்குற ஸ்டார் வீல் தெரியும், சக்கரம் சுத்தவே கஷ்டமாகுற வரைக்கும் டைட் பண்ணி, அப்புறம் லேசா உரசுற அளவுக்கு லூஸ் பண்ணா போதும். புது பிரேக்னா முதல் 300 கிலோமீட்டர்லயே ஒரு தடவை, அப்புறம் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. சக்கர பேரிங்குக்கு கிரீஸை அளவுக்கு மீறி அடிச்சா ஷூல வழிஞ்சு மொத்தமும் வீணாயிடும்.

பிரேக்அவே சுவிட்ச்: டிரெய்லர் கழண்டு போனா ஒரு கேபிள் இதோட பின்னை இழுத்து பிரேக்கை தானா பிடிக்க வைக்கும். அந்த கேபிளை செயின்ல மாட்டாதீங்க, ஹிட்ச்லயும் வேண்டாம், வண்டியோட பாடில தனியா மாட்டுங்க. சோதிக்கிறப்போ 7 பின் பிளக்கை கழட்டிட்டு பின்னை இழுங்க, இல்லைன்னா கன்ட்ரோலருக்கு ஆபத்து, இழுத்ததும் சக்கரம் இறுகணும். இறுகலைன்னா முதல்ல இதுக்குன்னு டிரெய்லர்ல இருக்கிற குட்டி பேட்டரியைப் பாருங்க. பாத்துட்டு பின்னை உடனே திருப்பி சொருகிடுங்க, மறந்தா பேட்டரி காலி.

கடைசியா காலி ரோட்ல 40 கிலோமீட்டர் வேகத்துல போய் கன்ட்ரோலர் சுவிட்சை கையால அமுக்கிப் பாருங்க, சக்கரம் லாக் ஆச்சுன்னா லாக் ஆகாத அளவுக்கு கெயினை குறைங்க. சாமான் ஏத்தினா இறக்கினா இதை மறுபடி செய்யணும்.