கோய் கெண்டையைக் குளோன் செய்ய நினைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் நீகாட்டா பகுதியில் அழகுக்காக வளர்க்கப்படும் வண்ண மீன்களான கோய் கெண்டைகளில், வெண்ணிற உடலில் செந்நிறத் திட்டுகள் கொண்ட கோஹாகு வகை பெரிதும் மதிக்கப்படுகிறது. பரிசு பெற்ற கோஹாகு ஒன்றைக் குளோன் செய்தால், அதாவது மரபணு நகல் எடுத்தால், அதே திட்டுகளுடன் இன்னொன்று கிடைக்கும் என்று நம்புவதுதான் பலரும் செய்யும் பெருந்தவறு. நிறங்களை மரபணுக்கள் தீர்மானித்தாலும், திட்டு எங்கே அமையும், அதன் விளிம்பு எப்படி வளையும் என்பது கரு வளரும்போது நிறமிச் செல்கள் பரவும் விதத்தையும் பொறுத்தது. மீன் வளர வளர அத்திட்டுகள் மாறுவதும் உண்டு.

குளோன் செய்யும் ஒரு முறையில், நகலெடுக்க விரும்பும் மீனின் செல்லிலிருந்து மரபணுக்கள் அடங்கிய உட்கருவை எடுத்து வேறொரு முட்டையில் வைப்பார்கள். அந்த உட்கருவை மட்டும் எண்ணி, அதை ஏற்கும் முட்டையைப் பொருட்படுத்தாமல் விடுவதும் தவறே. மீன்முட்டைகளில் உட்கரு மாற்றும் ஆய்வைச் சீன உயிரியலாளர் தொங் டிஜோ 1963ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். பின்னாளில் சாதாக் கெண்டையின் உட்கருவைத் தங்கமீனின் முட்டையில் வைத்து உருவாக்கிய மீன்களை ஆராய்ந்தபோது, அவற்றின் முதுகெலும்புக் கண்ணிகளின் எண்ணிக்கை, உட்கரு தந்த கெண்டையைவிட முட்டை தந்த தங்கமீனுக்கே நெருக்கமாக இருந்தது. ஆகவே முட்டையையும் அதே வம்சத்துத் தாய்மீனிடமிருந்து பெறுவதே முறை.

தாயின் மரபணுக்களை மட்டும் கொண்டு குஞ்சு பெறும் கைனோஜெனசிஸ் முறையில் பிறந்த குஞ்சுகளையெல்லாம் தாயின் நகல் என்று கருதுவோரும் உளர். புற ஊதாக் கதிரால் டிஎன்ஏ சிதைக்கப்பட்ட விந்தைக் கொண்டு முட்டையைத் தூண்டி, முதல் செல் பிரிவைத் தடுத்துக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும்போது, முதல் தலைமுறைக் குஞ்சுகள் தாயிடமிருந்தும் ஒன்றிலிருந்து ஒன்றும் வேறுபடுகின்றன. அவற்றுள் ஒன்றை மீண்டும் அவ்வாறே பெருக்கினால்தான் ஒரே மரபு கொண்ட கூட்டம் கிடைக்கும். ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் வரிக்குதிரை மீனில் இதனை 1981இல் காட்டினார். மறைந்திருந்த கேடான மரபணுக்கள் முதல் தலைமுறையிலேயே வெளிப்பட்டுப் பல குஞ்சுகள் இறந்துவிடுவதால், அரிய தாய்மீனின் சினை முழுவதையும் இம்முயற்சிக்கே செலவிடுவது பெரும் இழப்பாக முடியும்.

கெண்டையின் விந்தைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காக்கலாம். ஆனால் மஞ்சள்கரு மிகுந்த அதன் முட்டைகளையும் கருக்களையும் அவ்வாறு உயிரோடு மீட்பது மிகக் கடினம். விந்து இருக்கிறதே என்று பெண்மீன்களை விற்றுவிடுவது ஆகாது.

ஒரே மரபு கொண்ட கூட்டத்தை ஒரே குளத்தில் விட்டுவைப்பது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. கெண்டைகளைக் கொல்லும் கோய் ஹெர்ப்பிஸ் வைரஸ் புகுந்தால், ஒரு மீனுக்கு இல்லாத எதிர்ப்பாற்றல் மற்ற எந்த மீனுக்கும் இராது. 2004 அக்டோபர் நிலநடுக்கத்தில் நீகாட்டாவின் யமகோஷி கிராமத்துக் குளங்கள் உடைந்து பல மீன்கள் மடிந்தன. ஆகவே தாய்மீன்களையும் உறைந்த விந்தையும் தொலைவிலுள்ள வேறொரு பண்ணையிலும் பிரித்து வைக்க வேண்டும்.