டிசபிலிட்டி பென்ஷன் மேல்முறையீடு: எங்கே தவறுகிறார்கள்?

ராணுவத்தை விட்டு வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ டாக்டர்கள் குழு, உடல் குறைபாட்டை 30 சதவீதம் என்று எழுதியிருக்கும். சில மாதம் கழித்து, டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று கடிதம் வரும். அதில் சொல்லும் காரணம் ஒற்றை வரிதான்: நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை. மேல்முறையீடு என்பது இந்த ஒரு வரியோடு நடக்கும் சண்டை. வேடிக்கை என்னவென்றால், பல மனுக்கள் அந்த வரியைத் தொடுவதே இல்லை.

"பதினேழு வருடம் நாட்டுக்காக உழைத்தேன், இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், கருணை காட்டுங்கள்" என்று எழுதுகிறார்கள். சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மனுவைப் படிப்பவர் தேடுவது இரண்டே விஷயம். குறைபாட்டுக்கும் பணிக்கும் தொடர்பு உண்டா? அது 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? குடும்பக் கஷ்டம் இரண்டுக்குமே பதில் ஆகாது.

எனவே பேனாவை எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியது மெடிக்கல் போர்டு நடவடிக்கைப் படிவம், அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16. அது இல்லாமல் மனு போடுவதுதான் என் கணக்கில் முதல் தவறு. நகல் இல்லையா, உங்கள் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். அதில் பணியோடு தொடர்பு உண்டா இல்லையா, ஏன் என்று டாக்டர்கள் எழுதிய பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். ரத்த அழுத்தக்காரர்களின் படிவத்தில் அடிக்கடி இருப்பது, "அமைதிப் பகுதியில் இருந்தபோது தொடங்கியது, பணி அழுத்தத்தோடு தொடர்பில்லை" என்ற மாதிரி ஒரு வாக்கியம். இதற்குப் பதில் உங்கள் போஸ்டிங் பட்டியலில் இருக்கிறது. அதற்கு முன்பு எத்தனை வருடம் ஃபீல்டில், அதாவது எல்லை போன்ற களப் பகுதிகளில், இருந்தீர்கள், உயரமான மலைப்பகுதியில் எப்போது, முதல் சிகிச்சை எந்த ராணுவ மருத்துவமனையில் என்று தேதியோடு எழுதுங்கள். அமைதிப் பகுதியிலும் பணி அழுத்தம் உண்டு என்று, ராணுவத்தினரின் பணி வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பல உத்தரவுகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதய நோய் என்றால், நோய் தொடங்குவதற்கு முந்தைய 14 நாளில் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதும் பார்க்கப்படும். விபத்து என்றால் காய அறிக்கை, அதாவது ஐ.ஏ.எஃப்.ஒய்-2006, இருக்க வேண்டும்.

அடுத்தது, தரம்வீர் சிங் தீர்ப்பை மந்திரம் போல ஓதுவது. 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் ஆள் நலமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், தொடர்பில்லை என்றால் போர்டு காரணம் சொல்ல வேண்டும், சந்தேகம் இருந்தால் அது வீரருக்குச் சாதகம். நல்ல தீர்ப்புதான். ஆனால் 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில், சேரும்போதே கண்டுபிடிக்க முடியாத நோய்களும் உண்டு என்று சொல்லி, மனச்சிதைவு நோயால் வெளியேற்றப்பட்டவரின் மேல்முறையீட்டை அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025-ல் ராஜுமோன் வழக்கிலும் அதே நோய்தான். அங்கே போர்டு உருப்படியான காரணம் எழுதவில்லை என்பதால் அவர் ஜெயித்தார். ஆக, தீர்ப்பின் பெயரைச் சொல்வதால் பயனில்லை. உங்கள் படிவத்தில் காரணம் எழுதாமல் விட்டிருக்கிறார்களா, எழுதிய காரணம் உங்கள் ரெக்கார்டோடு முரண்படுகிறதா என்று காட்ட வேண்டும்.

லீவில் நடந்த விபத்திலும் குழப்பம் உண்டு. லீவும் பணிக்காலம்தானே என்ற வாதம் பாதிதான் சரி. லீவில் ஊருக்குப் போகும் வழியில் ரயிலிலிருந்து இறங்கும்போது கையை இழந்த மதன் சிங் ஷெகாவத்துக்கு 1999-ல் பென்ஷன் கிடைத்தது. லீவில் சகோதரி வீட்டில் காயமடைந்த விஜயகுமாருக்கு 2015-ல் கிடைக்கவில்லை. பயணமா, சொந்தக் காரியமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதை மழுப்பி எழுதினால் விசாரணை அறிக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

சதவீதக் கணக்கைச் சிலர் கேட்க மறந்தே விடுகிறார்கள். பழைய விதிப்படி 50-க்குக் குறைவானது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் கணக்கிடப்படும். வயது முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் முடிவானது. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதக் குறைபாட்டுக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000 ரூபாய். ஆக 30 சதவீதக்காரருக்கு 3,600 ரூபாய், அதே ஆளுக்கு 50 என்று கணக்கிட்டால் 6,000. மனுவில் இதைத் தனியாகக் கேளுங்கள். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பின் வெளியே வந்தவர்கள் பழைய மனுவைக் காப்பியடித்தால் சிக்கல்தான்.

அப்புறம் காலக்கெடு. நிராகரிப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் மீண்டும் 6 மாதத்துக்குள் இரண்டாவது. பிறகுதான் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அமர்வு. துறைக்குள் இருக்கும் வழிகளை முடிக்காமல் நேரே போனால் சாதாரணமாக ஏற்க மாட்டார்கள். இறுதி உத்தரவு வந்து 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்தை மன்னிக்க வழி உண்டு, ஆனால் காரணம் சொல்ல வேண்டும். தீர்ப்பாயத்தில் தோற்றாலும் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்பதை 2023-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய பணம் என்பதால் பல வருடம் கழித்தும் கேட்கலாம்தான். ஆனால் நிலுவை சுருங்கிவிடும். 1983-ல் வெளியேறி 1999-ல் வழக்குப் போட்ட தர்செம் சிங்குக்கு, வழக்குக்கு முந்தைய 3 வருட நிலுவை மட்டுமே 2008-ல் கிடைத்தது. இன்னொன்று, டிசபிலிட்டி பென்ஷன் தகுதி பற்றிய 2008 விதிகளின்படி, வெளியே வந்து 15 வருடம் கழித்துக் கேட்கும்போது சர்வீஸ் ஆவணங்கள் அழிக்கப்பட்டிருந்தால், தொடர்பை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். டிஸ்சார்ஜ் புக்கையும் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் இன்றே நகல் எடுத்து வையுங்கள்.