தின்றுபோட்ட ஓட்டிலிருந்து பறவையைக் கண்டுபிடிப்பது எப்படி?

நத்தை, சிப்பி தின்னும் பறவைகளைக் கவனிக்கத் தொடங்குவோர் அதன் அலகையே உற்றுப் பார்ப்பார்கள். நான் ஓட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். பறவை பறந்துவிடும், ஓடு அங்கேயே கிடக்கும். ஒரு பைனாகுலரும் குறிப்பேடும் இருந்தால் போதும்.

படி 1: ஓடு உடைந்திருக்கிறதா, முழுசாக இருக்கிறதா?

ஓடு இரையைக் காக்கும் சுவர். அதை உடைக்கலாம், அல்லது உடைக்காமல் உள்ளேயிருக்கும் தசையை மட்டும் அறுக்கலாம். நத்தை ஓடு பெரும்பாலும் சேதமில்லாமல் காலியாகக் கிடந்தால் தசையை அறுத்த வேலை. நத்தைகுத்தி நாரையும் நத்தைப் பருந்தும் இப்படித்தான் தின்னும். நாரையின் மூடிய அலகுக்கு நடுவே இடைவெளி தெரியும். அதில் நத்தையை வைத்து நொறுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. கீழலகின் முனையை ஓட்டின் வாய்க்குள் நுழைத்து, ஓட்டோடு உடலைப் பிணைத்திருக்கும் தசையை அறுத்துவிடும். குஞ்சுகளின் அலகில் இந்த இடைவெளியே இருக்காது.

படி 2: சில்லுகள் எங்கே கிடக்கின்றன?

ஒரே கல்லைச் சுற்றி நத்தை ஓட்டுச் சில்லுகள் குவிந்திருந்தால், அங்கே ஐரோப்பாவின் பாடும் பூங்குருவி மாதிரி ஒரு பறவை நத்தையை அந்தக் கல்லில் அடித்து உடைத்திருக்கும். பாறையிலோ சாலையிலோ சிதறிக் கிடந்தால், மேலிருந்து போட்டிருக்கிறது. காகங்களும் கடற்காகங்களும் இதில் கைதேர்ந்தவை.

படி 3: போடும் உயரத்தைக் கணியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1970களில் ரெட்டோ ஸாக் என்ற ஆய்வாளர் கனடாவின் மேற்குக் கரையில் காகங்கள் கடல் நத்தைகளைப் போடுவதைக் கவனித்தார். அவை பெரிய நத்தைகளையே பொறுக்கின, சுமார் 5 மீட்டர் உயரத்திலிருந்து போட்டன. அதற்குக் கீழே என்றால் பலமுறை போட வேண்டும். இன்னும் மேலே போனால் உடையும் வாய்ப்பு பெரிதாக அதிகரிக்காது, ஏறும் சிரமம்தான் மிச்சம். முதல் தடவை உடையாவிட்டாலும் அதே நத்தையைத்தான் திரும்பப் போட்டன. பக்கத்தில் மரமோ கம்பமோ இருந்தால் அதை வைத்து உயரத்தைக் கணியுங்கள். எத்தனை முறை போடுகிறது, எந்தத் தரையில் போடுகிறது என்பதையும் எழுதுங்கள்.

படி 4: ஒரே இனத்துக்குள் வித்தியாசம் தேடுங்கள்

சிப்பிபிடிப்பான் என்ற கரைப்பறவையில் சில பறவைகள் சுத்தியல்காரர்கள், சில குத்துபவர்கள். சுத்தியல்காரர்கள் ஓட்டில் துளை விழும்வரை கொத்தும். மற்றவை சற்றே திறந்த மட்டிக்குள் அலகைச் செருகி, ஓடுகளை மூடும் தசையைத் துண்டிக்கும். கொத்துபவற்றின் அலகுமுனை மழுங்கியும், குத்துபவற்றின் முனை உளிபோலவும் இருக்கும். அலகு தேயத் தேய வளர்ந்துகொண்டே இருப்பதால், உணவு மாறினால் சில வாரங்களிலேயே முனையின் வடிவமும் மாறும். ஆகவே மட்டி ஓட்டில் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: ஓடே கிடைக்கவில்லையா?

முழுதாக விழுங்கியிருக்கலாம். ஈடர் வாத்துகளும் சில கரைப்பறவைகளும் அப்படித்தான். தசை நிறைந்த அரைவைப்பை உள்ளே ஓட்டை நொறுக்கிவிடும். எச்சத்தில் ஓட்டுத் துகள் தெரிகிறதா பாருங்கள்.

அப்புறம், கடற்கரையில் பார்ப்பதானால் நீர் வடியும் நேரத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். மட்டிகள் ஆழமில்லாத நீரில் இருக்கும்போது வாய் திறந்திருக்கும், குத்துபவை அப்போது மும்முரமாக இருக்கும். முழுக்க வெளியே தெரிந்தபின் மட்டி இறுக மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் கொத்துபவற்றைத் தேடுங்கள்.