"அதே மருந்துதான்" என்றால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்காவில் நாள்பட்ட நோயோடு வாழும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு ஜனவரியும் ஒரு சோதனை. புது வருஷம், எந்த மருந்துகளுக்குப் பணம் தருவோம் என்று இன்சூரன்ஸ் போடும் மருந்துப் பட்டியலும் புதிது. அப்படி ஒரு ஜனவரியில் மகளுடைய ஆஸ்துமா இன்ஹேலரை வாங்க பார்மசிக்குப் போனேன். பல வருஷமாக அவளுக்கு ஒத்துப்போன மருந்து. பட்டியலில் இருந்து அதை எடுத்துவிட்டார்கள், டாக்டரிடம் பேசி மாற்று எழுதி வாங்கியாயிற்று, அதே வகை மருந்துதான் என்று சொல்லி வேறொரு பெட்டியை நீட்டினார்கள். நானும் வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் உள்ளே இருந்த தாளைப் படித்தபோது கை நடுங்கியது. பால் புரதத்துக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. என் மகளுக்கு இருப்பது அதே ஒவ்வாமை.

மருந்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்கியதுதான் நான் செய்த தவறு. இன்ஹேலரில் புகைபோலப் பீய்ச்சும் வகை ஒன்று, பொடியை உறிஞ்சும் வகை ஒன்று. பொடி வகையில் மருந்தின் அளவு மிகச் சிறியது. அதைத் தாங்கி நுரையீரல் வரை கொண்டுபோகப் பெரும்பாலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். அந்த லாக்டோஸோடு துளியளவு பால் புரதமும் ஒட்டிக்கொண்டு வரலாம். அட்வேர் டிஸ்கஸ், ஆர்னுயிட்டி எலிப்டா போன்ற பொடி இன்ஹேலர்களின் தாளில் இந்த எச்சரிக்கை அச்சிட்டே இருக்கிறது. ஊரில் பலர் பயன்படுத்தும் ரோட்டாகேப் பொடியிலும் லாக்டோஸ் உண்டு. அதனால் இங்கே கிடைக்கவில்லை, அப்பா வரும்போது ஊரிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம் என்று நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கல்: பொடியை வேகமாக இழுக்க அவர்களால் முடியாது, பீய்ச்சும் இன்ஹேலரோடு மாட்டி மெதுவாக இழுக்க உதவும் ஸ்பேசர் குழாயும் இதற்குப் பொருந்தாது.

பட்டியல் போடுகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. ஒரே வகை மருந்து என்றால் ஒன்றுக்கு மற்றொன்று ஈடு என்பது அவர்கள் கணக்கு. 2024 தொடக்கத்தில் ஃப்ளோவென்ட் என்ற பெயரில் விற்ற இன்ஹேலரை அதன் நிறுவனம் நிறுத்தியது. அதே மருந்து பிராண்ட் பெயர் இல்லாமல் வந்தது, ஆனால் பல இன்சூரன்ஸ் திட்டங்கள் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பீய்ச்சும் இன்ஹேலரில் பழகியிருந்த எத்தனையோ குழந்தைகள் ஒரே மாதத்தில் மருந்து மாற வேண்டி வந்தது.

அடுத்த தவறு, நம் அலர்ஜி எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பது. டாக்டரின் கோப்பில் இருக்கும். பார்மசியில் சொல்லியிருந்தால் அங்கேயும் இருக்கும். ஆனால் எந்த மருந்துக்குப் பணம் தருவது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மருந்துப் பலன்களை நிர்வகிக்கும் இடைத்தரகு நிறுவனங்கள். சிவிஎஸ் கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தே நாட்டின் மருந்துச் சீட்டுகளில் சுமார் 80 சதவீதத்தைக் கையாள்கின்றன. அங்கே போவது பில் விவரம்தான், உங்கள் பிள்ளைக்கு மூச்சு முட்டிய கதை அல்ல. அதனால் டாக்டர் ஆபீஸில் முன் அனுமதிப் படிவம் (இந்த மருந்துக்குப் பணம் தரச் சம்மதம் கேட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புவது) நிரப்பும்போது "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரு வரியோடு விட்டுவிடாமல், எதற்கு ஒவ்வாமை, எந்தத் தேதியில் என்ன நடந்தது, அவசர சிகிச்சைக்குப் போனதா, பரிசோதனை முடிவு என்ன என்று எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ள மாற்று மருந்துகள் ஒவ்வொன்றும் ஏன் கூடாது என்பதும் பெயர் சொல்லி இருக்க வேண்டும். எங்களுக்காக டாக்டர் ஆபீஸ் அனுப்பிய முதல் கடிதத்தில் அது இல்லை, மறுத்துவிட்டார்கள்.

மாத்திரைகளுக்கும் இதே கதைதான். ஜெனரிக் மருந்து, அதாவது பிராண்ட் பெயர் இல்லாமல் வரும் அதே மருந்து, தரமானது, நானும் வாங்குகிறேன், விலை குறைவு. ஆனால் இந்த மாதம் ஒரு கம்பெனி, அடுத்த மாதம் வேறு கம்பெனி என்று மாறும். மருந்து ஒன்றே, கூடச் சேர்க்கும் நிறமும் மாவும் பிணைக்கும் பொருளும் வேறு. சில வகை ஒவ்வாமைகளைத் தூண்டக்கூடிய சேர்க்கைப் பொருள் ஒன்றாவது பத்தில் ஒன்பதுக்கும் மேலான மாத்திரைகளில் இருப்பதாக 2019-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால் கவுண்டரைவிட்டு நகரும் முன்பே கேளுங்கள். டெய்லிமெட் என்ற அரசு இணையதளத்தில் கம்பெனிவாரியாகச் சேர்க்கைப் பொருட்களின் பட்டியல் இருக்கிறது. உங்களுக்குச் சரிப்படும் கம்பெனியின் பெயரை உங்கள் கணக்கில் குறித்து வைக்கச் சொன்னால் பெரும்பாலான பார்மசிகளில் செய்வார்கள்.

சரி, "இன்சூரன்ஸ் தராது" என்று சொல்லிவிட்டார்கள். நம்மில் பலர் அந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறோம். வேலை, விசா என்று ஆயிரம் கவலை இருப்பவர்களுக்கு மேலே கேட்கத் தயக்கம். தயங்காதீர்கள். முதலில் எந்த வகை மறுப்பு என்று கேளுங்கள். முன் அனுமதி வேண்டுமா, விலை குறைந்த வேறொன்றை முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்களா, பட்டியலிலேயே இல்லையா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பட்டியலில் இல்லாத மருந்துக்கு விதிவிலக்கு கேட்கலாம். மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு இன்சூரன்ஸ் சந்தையில் வாங்கிய திட்டம் என்றால் 72 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், அவசரம் என்று டாக்டர் சொன்னால் 24 மணி நேரம்.

அதற்கு மேல் அப்பீல் இருக்கிறது. பெரும்பாலான தனியார் திட்டங்களில் மறுப்புக் கடிதம் வந்ததில் இருந்து 180 நாள் அவகாசம். இன்னும் வாங்காத மருந்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும், அவசரமானால் 72 மணி நேரம். அங்கேயும் இல்லை என்றால், மருத்துவக் காரணம் சார்ந்த மறுப்புக்கு 4 மாதத்துக்குள் கம்பெனியைச் சாராத வெளியாரின் மறுபரிசீலனை கேட்கலாம். அவர்கள் சொல்லும் முடிவு இன்சூரன்ஸ் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஒபாமாகேர் என்று சொல்லும் 2010-இன் சட்டம் கொடுத்த உரிமை இது. போனில் பேசியதோடு விடாமல், பேசியவரின் பெயர், தேதி, அழைப்பு எண் மூன்றையும் எழுதி வையுங்கள்.

இந்தக் காத்திருப்பில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. இருக்கிற மருந்தை நீட்டிக்க, இரண்டு பஃப்புக்குப் பதில் ஒன்று, தினமும் எடுப்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைக்கிறோம். ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைக்கும் மருந்தைக் குறைத்தால் அன்றே ஒன்றும் தெரியாது, சில வாரம் கழித்து நள்ளிரவில் தெரியும். குறைக்காதீர்கள். டாக்டரிடம் சாம்பிள் இருக்கிறதா என்று கேளுங்கள், பார்மசியில் சில நாளைக்கு மட்டும் தர முடியுமா என்று கேளுங்கள். ஆஸ்ட்ராஜெனிகா, போரிங்கர் இங்கல்ஹைம், ஜிஎஸ்கே மூன்றும் 2024-இல் தங்கள் இன்ஹேலர்களுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு அறிவித்தன. நிபந்தனைகள் உண்டு, உங்கள் மருந்து அதில் வருகிறதா என்று பாருங்கள். தள்ளுபடிக் கூப்பன் எடுத்தால் ஒன்று நினைவிருக்கட்டும், இன்சூரன்ஸைத் தவிர்த்துக் கொடுக்கும் பணம் பொதுவாக உங்கள் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) கணக்கில் சேராது.

இலையுதிர் காலத்தில் திட்டம் தேர்ந்தெடுக்கும்போது மாதப் பிரீமியத்தை மட்டும் பார்ப்பதும் நமக்குப் பழக்கம். வீட்டில் ஓடும் எல்லா மருந்துகளையும் எழுதி, வடிவம், அளவு உட்பட, அடுத்த வருஷப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இன்ஹேலர் என்றால் பீய்ச்சுவதா பொடியா என்பதையும் எழுதுங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் போட அவசரத்துக்கு வைத்திருக்கும் எபிநெஃப்ரின் ஊசியை மறக்காதீர்கள், எந்தப் பிராண்டுக்குப் பணம் தருகிறார்கள் என்பதும் மாறும்.

எங்களுக்கு இரண்டாவது கடிதத்தில் அனுமதி கிடைத்தது. பழைய இன்ஹேலர் திரும்பி வந்த மகிழ்ச்சியில், இன்சூரன்ஸ் அனுப்பிய அனுமதிக் கடிதத்தின் கடைசி வரியை நான் படிக்கவில்லை, அனுமதி 12 மாதத்துக்கு மட்டும். இப்போது ஒவ்வொரு நவம்பர் முதல் வாரமும் டாக்டர் ஆபீஸுக்கு போன் செய்து புதுப்பிக்கச் சொல்கிறேன். போனை வைத்த கையோடு பழைய கடிதத்தின் நகலையும் அனுப்பிவிடுகிறேன்.