கிரீட் தீவில் காரில் ஒருநாள் பயணங்களைத் திட்டமிடுவது எப்படி?

கிரேக்கத்தின் தீவுகளில் மிகப் பெரியது கிரீட். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் 60 கிலோமீட்டர் அகலமும் கொண்ட இத்தீவை வரைபடத்தில் பார்க்கிறவர்களுக்கு, காலையில் எந்த மூலைக்குப் புறப்பட்டாலும் மாலைக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம் என்றே தோன்றும். அந்த எண்ணத்தில் போடப்படும் திட்டங்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே குலைந்துவிடுகின்றன. காரணம், தீவின் நடுவே நீண்டு கிடக்கும் மலைகள். மேற்கே லெஃப்கா ஓரி எனப்படும் வெண்மலைகள் 2,453 மீட்டர் வரையிலும், நடுவிலுள்ள ப்ஸிலோரிடிஸ் 2,456 மீட்டர் வரையிலும் உயர்ந்து நிற்கின்றன. வடக்குக் கரையை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஹானியா நகரிலிருந்து ரெதிம்னோ வரையிலான 60 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். அதே ஹானியாவிலிருந்து தெற்குக் கரையிலுள்ள ஹோரா ஸ்ஃபாகியோன் என்னும் சிற்றூருக்குச் செல்லும் தூரம் அதைவிடச் சற்றே அதிகம் என்றாலும், நிறுத்தாமல் ஓட்டினாலே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். ஆகவே, ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்று கணக்கிடுவதை விட்டுவிட்டு, எத்தனை முறை மலையைக் கடக்கிறோம் என்று கணக்கிட வேண்டும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்பதே சரியான அளவு.

இதோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டிய இன்னொன்று, தென்மேற்குக் கரையில் ஊர்களை இணைக்கும் தொடர்ச்சியான கரையோரச் சாலை கிடையாது என்பது. சூயா, ஆயியா ரூமெலி, லூத்ரோ, ஹோரா ஸ்ஃபாகியோன் ஆகியவை வரைபடத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் ஆயியா ரூமெலிக்கும் லூத்ரோவுக்கும் கார் செல்லும் சாலையே இல்லை; படகிலோ நடந்தோதான் செல்ல முடியும். சூயாவிலிருந்து ஹோரா ஸ்ஃபாகியோனுக்குக் காரில் செல்ல விரும்புகிறவர் மலையேறி வடக்குக் கரைக்கு வந்து, நெடுஞ்சாலையில் கிழக்கே சென்று, மறுபடியும் மலையேறித் தெற்கே இறங்க வேண்டும். எனவே தெற்குக் கரையின் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தனி நாள் என்று வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டை ஒரே நாளில் சேர்த்தால், அந்த நாள் முழுவதும் வளைவுகளிலேயே கழிந்துவிடும்.

தங்குமிடத்தை முடிவு செய்யும்போதே பயணங்களின் எல்லையும் முடிவாகிவிடுகிறது. இந்தக் கட்டுரை ஹானியாவைத் தளமாகக் கொண்டு எழுதப்பட்டது. அங்கிருந்து தீவின் மேற்குப் பகுதி முழுவதையும் ஒருநாள் பயணங்களாகப் பார்க்க முடியும். ஆனால் ஹெராக்லியோன் நகருக்கு அருகிலுள்ள க்னோஸோஸ் அரண்மனையை ஹானியாவிலிருந்து ஒரு நாளில் போய்வர நினைப்பவர்கள் ஒரு வழிக்கு ஏறத்தாழ 145 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கும். முடிந்தால் ஹெராக்லியோன் விமான நிலையத்தில் இறங்கி, அங்கே ஓரிரு இரவுகள் தங்கி க்னோஸோஸையும் தொல்பொருள் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு ஹானியாவுக்கு இடம் மாறுவதே என் பரிந்துரை. ஹானியாவின் பழைய நகரத்திற்குள் பல தெருக்களில் காருக்கு இடமில்லை. நாள்தோறும் காரை எடுக்கப் போகிறவர்கள் மதிலுக்கு வெளியே, வாகனம் நிறுத்த இடமுள்ள விடுதியைத் தேர்ந்துகொள்வது நல்லது. இல்லையென்றால் களைத்துத் திரும்பும் ஒவ்வொரு மாலையும் நிறுத்துமிடம் தேடுவதில் முடியும்.

இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மூலம் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இலங்கையில் இதை வழங்குவது இலங்கை ஆட்டோமொபைல் சங்கம். வாடகை நிறுவனத்தில் இந்த அனுமதியையும் மூல உரிமத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய உரிமமோ பிரிட்டன் உரிமமோ உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கியர் மாற்றி ஓட்டும் வகையைச் சேர்ந்தவை என்பதால், ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஃபியட் பாண்டா, ஹூண்டாய் ஐ10 அளவிலான சிறிய கார் கிரீட்டின் மலைக் கிராமங்களுக்கு மிகவும் பொருத்தமானது. இருபுறமும் வீட்டுச் சுவர்கள் நெருங்கி நிற்கும் சந்துகளே பல ஊர்களில் முதன்மைச் சாலையாக இருப்பதால், பெரிய கார் அங்கே வசதியைவிடக் கவலையையே அதிகம் தரும். காப்பீட்டு விதிகளைப் பொறுமையாகப் படியுங்கள். முழுக் காப்பீடு என்று சொல்லப்படும் ஒப்பந்தங்கள் பலவற்றிலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றுக்கும், மண் சாலையில் ஏற்படும் சேதத்துக்கும் பாதுகாப்பு இருக்காது.

கிரேக்கத்தில் சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும். இடப்புறம் ஓட்டிப் பழகிய நமக்கு, மற்ற வண்டிகளுடன் சேர்ந்து நெடுஞ்சாலையில் செல்லும்போது இது பெரிய சிரமமாகத் தெரியாது. ஆளரவமற்ற கடற்கரையின் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வரும்போதும், பெட்ரோல் நிலையத்திலிருந்து சாலைக்குள் திரும்பும்போதும்தான் கை தானாகவே பழைய பக்கத்துக்குப் போகும். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அந்தக் கணத்தில் ‘வலப்பக்கம்’ என்று சொல்லிவிடுவதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

வடக்கு நெடுஞ்சாலையில், பின்னால் வேகமாக வரும் வண்டிக்கு வழிவிடுவதற்காக முன்னால் செல்பவர் வலது ஓரக் கோட்டைத் தாண்டிப் பாதி வண்டியை ஓரத்தில் செலுத்துவது அங்குள்ளவர்களின் பழக்கம். வளைவு இல்லாத, ஓரம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டுமே நீங்கள் அப்படிச் செய்யுங்கள். வளைவுக்கு அப்பால் பழுதாகி நிற்கும் லாரியோ சைக்கிளில் செல்பவரோ இருக்கக்கூடும். பின்னால் வருபவர் விளக்கை அணைத்து எரித்தாலும் பதற்றமடைய வேண்டியதில்லை. பாதுகாப்பான இடம் வரும்வரை அவர் காத்திருக்கட்டும். மலைச்சாலைகளில் ஆடுகள் வளைவின் நடுவிலேயே படுத்திருக்கும். கொல்லிமலைக்கு ஓட்டிச் சென்று பழகியவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவுகள் புதிதல்ல என்றாலும், பக்கவாட்டுத் தடுப்பு இல்லாத இடங்கள் இங்கே உண்டு என்பதால் இருட்டியபின் ஓட்டுவதைத் தவிர்ப்பதே நல்லது. உணவகங்களில் சாப்பாடு முடிந்ததும் ராக்கி என்னும் சாராயத்தை விலையில்லாமல் கொண்டுவந்து வைப்பது கிரீட்டின் விருந்தோம்பல். ஓட்டுகிறவர் கார்ச் சாவியைக் காட்டி மறுத்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஹானியாவிலிருந்து ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், ஹோரா ஸ்ஃபாகியோனைச் சுற்றியுள்ள மலைப்பகுதியான ஸ்ஃபாகியாவுக்குத்தான் செல்லச் சொல்வேன். காலை எட்டு மணிக்கெல்லாம் புறப்பட்டு, நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் கிழக்கே சென்று வ்ரிசெஸ் ஊரில் இறங்குங்கள். ஓடையோரத்துப் பெரிய மரங்களின் நிழலில் அமர்ந்து, ஆட்டுப்பால் தயிரில் தேன் ஊற்றிச் சாப்பிடுவதற்குப் பேர்போன ஊர் அது. மலைக்கு அப்பால் பெட்ரோல் நிலையங்கள் குறைவு என்பதால் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து சாலை தெற்கே திரும்பி மலையேறி, நாற்புறமும் மலை சூழ்ந்த அஸ்கிஃபு சமவெளியை அடைகிறது. 1941 மே மாத இறுதியில், கிரீட் போரில் தோற்ற நேசநாட்டுப் படையினர் எகிப்துக்குக் கப்பலேறுவதற்காக இந்த வழியாகத்தான் ஹோரா ஸ்ஃபாகியோனை நோக்கி நடந்தார்கள். அதை அறிந்துகொண்டு இந்த மலைகளைப் பார்ப்பது வேறு வகையான அனுபவம்.

அடுத்து வரும் இம்ப்ரோஸ் கிராமத்தில் காரை நிறுத்திவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பள்ளத்தாக்கில் இறங்கி நடக்கலாம். ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் நீளமுள்ள இறக்கப் பாதை அது. இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஓரிடத்தில் இரு கைகளையும் விரித்தால் இரண்டு பக்கப் பாறைகளையும் தொட்டுவிடலாம் என்னும் அளவுக்கு வழி குறுகிவிடுகிறது. கீழே கொமிதாதெஸ் ஊரில் பாதை முடிகிறது. அங்கிருந்து டாக்சியில் மேலே வந்து காரை எடுத்துக்கொள்ள வேண்டும். நடக்க விரும்பாதவர்கள் நேரே காரில் தொடரலாம். இம்ப்ரோஸைத் தாண்டியதும் லிபியக் கடல் முழுவதும் திடீரெனக் கண்முன்னே விரிய, அதன்பின் கடல் மட்டம் வரை வளைவு வளைவாக இறக்கம். ஓட்டுகிறவர் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒதுங்கி நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மதிய உணவுக்கு ஹோரா ஸ்ஃபாகியோன் துறைமுகத்தில், பாலாடைக்கட்டி (சீஸ்) வைத்துத் தட்டித் தேன் ஊற்றித் தரும் ஸ்ஃபாகியா அப்பத்தைக் கேட்டுப் பாருங்கள்.

பிற்பகலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும். குழந்தைகளுடன் செல்வோர் கிழக்கே ஃபிராங்கோகாஸ்டெல்லோவுக்குப் போகலாம். 1371 முதல் 1374 வரை வெனிஸ் அரசு கட்டிய கோட்டையின் கீழேயே ஆழமில்லாத, மணல் நிறைந்த கடற்கரை இருக்கிறது. மலையில் ஓட்டுவதை விரும்புவோர் மேற்கே அனோபோலிக்கு ஏறி அராதெனாப் பாலத்துக்குச் செல்லலாம். 1986இல் கட்டப்பட்ட அந்த இரும்புப் பாலம் பள்ளத்தாக்குக்கு மேலே 138 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் மேல்தளம் மரப்பலகைகளால் ஆனது என்பதால், கார் நகர நகரப் பலகைகள் ஒவ்வொன்றாகத் தடதடக்கும் ஓசை பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். அக்கரையில் கைவிடப்பட்ட பழைய கிராமமும் பைசாந்தியக் காலத் தேவாலயமும் இருக்கின்றன.

இரண்டாவது நாள் கிடைத்தால் மேற்குக் கரை. ஹானியாவிலிருந்து எலஃபோனிசி கடற்கரை 75 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரப் பயணம். டோபோலியா பள்ளத்தாக்கில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டிகள் மட்டுமே செல்லக்கூடிய சுரங்கம் ஒன்று உண்டு. அதன் முன்னுள்ள சிக்னலில் பச்சை வரும்வரை பொறுமையாக நில்லுங்கள். இளஞ்சிவப்பு மணலுக்காகவே கூட்டம் வரும் இடம் என்பதால், கோடையில் காலை ஒன்பதரைக்குள் அங்கே இருப்பதுபோலப் புறப்பட வேண்டும். நண்பகலில் அங்கே போய்ச் சேருபவருக்குக் கிடைப்பது நிறுத்துமிட வரிசையும் வெயிலும்தான். அந்த மணலை அள்ளி எடுத்துச் செல்வதற்குத் தடை இருக்கிறது. திரும்பும்போது வந்த வழியிலேயே வராமல், கேஃபாலி, ஸ்ஃபினாரி ஊர்கள் வழியாக மேற்குக் கரையின் உயரத்தில் செல்லும் சாலையைப் பிடித்தால், மாலையில் ஃபலசர்னா வந்து சேரலாம். அங்கே கடற்கரைக்கு வடக்கே பழங்காலத் துறைமுகம் ஒன்று தண்ணீரே இல்லாமல் தரைமேல் கிடக்கிறது. கி.பி. 365இல் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் மேற்குக் கிரீட்டின் நிலத்தைச் சில இடங்களில் 9 மீட்டர் வரை உயர்த்திவிட்டதே அதற்குக் காரணம். மேற்கு நோக்கிய கரை என்பதால் சூரியன் மறைவதையும் பார்த்துவிட்டுப் புறப்படலாம். அங்கிருந்து கிஸ்ஸமோஸ் வழியாக ஹானியா வரையிலான சாலை எளிதானது.

காருக்குப் பொருந்தாத இடங்களையும் திட்டமிடும்போதே பிரித்துவிட வேண்டும். சமாரியா பள்ளத்தாக்கு நடை ஒருவழிப் பாதை. ஓமலோஸ் சமவெளிக்கு மேலே தொடங்கி 16 கிலோமீட்டர் கீழே இறங்கி ஆயியா ரூமெலியில் முடிகிறது. அங்கிருந்து படகேறி, பிறகு பேருந்தில் திரும்புவதுதான் வழி என்பதால், மலைமேல் விட்டுவந்த கார் மாலையில் பெரும் தொல்லையாகிவிடும். அன்று காரை விடுதியிலேயே விட்டுவிட்டு ஹானியாவிலிருந்து பேருந்தில் செல்லுங்கள். பாலோஸ் கடற்காயலுக்குக் கலிவியானி ஊரிலிருந்து கரடுமுரடான மண் சாலை செல்கிறது. காப்பீடு பொருந்தாத சாலையில் வாடகைக் காரை வருத்துவதைவிடக் கிஸ்ஸமோஸிலிருந்து செல்லும் படகே மேல்.

முந்தைய நாள் களைப்பு தீராத நாளுக்கு, மலையைக் கடக்காத குறும்பயணம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். சூடா விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கும் ஆப்தெராவின் ரோமானிய நீர்த்தொட்டிகளைக் காலையில் பார்த்துவிட்டு, மதியம் கூர்னாஸ் ஏரிக்கரையில் சாப்பிட்டு, பிற்பகலிலேயே திரும்பிவிடலாம். கிராமக் கடைகளும் மடாலயங்களும் நண்பகலுக்குப் பின் சில மணி நேரம் மூடியிருக்கும். மடாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்.

எந்த நாளில் எங்கே என்பதை ஊரிலிருந்தே தேதி போட்டு எழுதிவிடாதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வீசும் மெல்டெமி என்னும் வடகாற்று வலுக்கும்போது வடக்குக் கரையில் அலை எழும், திறந்த மேற்குக் கரைகளில் மணல் பறக்கும். அத்தகைய நாளில் ஆப்தெரா போன்ற இடங்களையும் மலைக் கிராமங்களையும் பார்த்துவிட்டு, எலஃபோனிசியைக் காற்று அடங்கிய நாளுக்குத் தள்ளிவையுங்கள். பயண நாட்களை வரிசை எண் இல்லாத பட்டியலாக வைத்துக்கொண்டு, முந்தைய மாலை வானிலை அறிவிப்பைப் பார்த்து முடிவெடுப்பதே உதவும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு எட்டரையைத் தாண்டிவிடும். அக்டோபர் நடுவில் ஏழு மணிக்குள்ளேயே மறைந்துவிடும். இலையுதிர் காலத்தில் செல்கிறவர்கள் தெற்குக் கரையிலிருந்து மாலை நான்கரைக்கே புறப்பட்டால், கடைசி வளைவையும் வெளிச்சத்திலேயே கடந்து நெடுஞ்சாலைக்கு வந்துவிடலாம்.