ரோசா பார்க்ஸ் நினைவுக் கூட்டமும் இனவெறி விவாதமும்: தில்லித் தமிழர்கள் நடத்துவது எப்படி

தேதியை முதலில் முடிவு செய்துவிடுங்கள். அமெரிக்காவில், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1. டிசம்பர் 6 அம்பேத்கர் நினைவு நாள், 1956-ல் அவர் இறந்ததும் இதே தில்லியில் அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டில்தான். இந்த இரண்டு நாளையும் சேர்த்துக்கொண்டால் எந்த வருஷமும் ஒரு சனியோ ஞாயிறோ வந்துவிடும். அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு வையுங்கள், அதற்கு முன்னால் இந்தக் குளிரில் ஜனக்புரியிலிருந்து யாரும் குழந்தைகளைக் கிளப்பிக்கொண்டு வரப்போவதில்லை. குடியிருப்புச் சங்கத்துக் கூடம் போதும். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை என்று தொடங்கினால் முக்கால் மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும், அதெல்லாம் வேண்டாம்.

ரோசா பார்க்ஸின் கதையைச் சொல்லப்போகிறவர் நன்றாகத் தயார் செய்துகொண்டு வரட்டும். 'வேலை முடிந்து களைத்துப் போயிருந்த ஒரு தையல்காரப் பெண் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தார், வரலாறு மாறியது' என்றுதான் பலரும் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அந்த அம்மாவின் பாதி வாழ்க்கை காணாமல் போய்விடும். அவருக்கு அப்போது 42 வயது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் கிளைக்கு, அவர் ஊரான மான்ட்கோமரியில், 1943-லிருந்தே செயலாளர். வெள்ளையர்களால் பலாத்காரம் செய்யப்பட்ட ரீசி டெய்லரின் வழக்கை 1944-ல் நேரில் போய் விசாரித்தவர். அந்த பஸ்ஸை ஓட்டிய ஜேம்ஸ் பிளேக் 1943-லேயே ஒருமுறை அவரை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார். உடம்பில் களைப்பு இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் சலித்துப்போயிருந்தேன் என்ற பொருளில் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அடுத்து நாற்காலிகளை பஸ் மாதிரி போடுங்கள், நடுவில் வழி விட்டு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. முன்வரிசைகள் வெள்ளையருக்கு. அதற்கு அடுத்த வரிசையில் நான்கு பேரை உட்காரவைத்து, ஐந்தாவதாக ஒருவரை முன்னால் நிற்கவையுங்கள். அன்று நடந்தது இதுதான்: நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு வெள்ளைக்காரர், ஆனால் ஒரே வரிசையில் கறுப்பினத்தவரும் அவரும் உட்காரக்கூடாது என்பதால் நான்கு பேருமே எழுந்திருக்க வேண்டும். மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். ரோசா பார்க்ஸ் ஜன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். இதைச் செய்து காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் சட்டென்று விளங்கும். எழுந்து போன மூன்று பேரிடமும் ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், விவாதம் அங்கேயே சூடு பிடித்துவிடும்.

கிளாடெட் கால்வினை விட்டுவிடாதீர்கள். அதே ஊரில், அதே வருஷம் மார்ச்சிலேயே, 15 வயதில், இதே மறுப்புக்காகக் கைதான பெண். பஸ்ஸில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வாங்கித் தந்த வழக்கின் நான்கு வாதிகளில் அவர் ஒருவர், ரோசா பார்க்ஸ் அந்த நால்வரில் இல்லை. ரோசா பார்க்ஸ் கைதானதை எதிர்த்து ஊர்க் கறுப்பின மக்கள் பஸ்ஸிலேயே ஏறாமல் நடத்திய 381 நாள் புறக்கணிப்பு எப்படித் தாக்குப்பிடித்தது என்பதையும் சொல்லுங்கள்: கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் ராத்திரியோடு ராத்திரியாக அச்செடுத்த துண்டறிக்கைகள், முறை வைத்து ஆட்களை ஏற்றிப்போன சுமார் 300 கார்கள், மைல் கணக்கில் நடந்தே வேலைக்குப் போனவர்கள். ரோசா பார்க்ஸுக்கு வேலை போய், 1957-ல் ஊரைவிட்டே டெட்ராய்ட்டுக்குப் போக வேண்டி வந்தது.

இன்றைய நிலைமை பற்றிய பகுதியைத் தயவுசெய்து பட்டிமன்றமாக வைக்காதீர்கள். கைதட்டலுக்குப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், நடுவர் தீர்ப்பு சொன்னதும் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். வட்டமாக உட்காருங்கள். நம்மை மதராசி என்று கிண்டல் செய்த கதைகள்தான் முதலில் வரும். வரட்டும், அந்த வலி பொய்யில்லை. ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் போகவிடாதீர்கள், ஏனென்றால் நமக்கு நடந்ததைப் பேசுவது சுலபம், நாம் செய்வதைப் பேசத்தான் கூட்டமே.

அதற்கு என் யோசனை, வாடகை விளம்பரங்கள். உங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் நம் ஆட்கள் போட்ட நாலைந்து விளம்பரங்களைப் பெயர், எண் எல்லாம் அழித்துவிட்டுத் திரையில் போடுங்கள். 'சவுத் இந்தியன் வெஜ் ஃபேமிலி ஒன்லி' என்று இருக்கும். இந்த வரியால் யாருக்கெல்லாம் கதவு மூடுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். நாகாலாந்துப் பெண், நைஜீரிய மாணவர், முஸ்லிம் குடும்பம், கருவாடு சமைக்கிற நம்ம ஊர்க்காரரும்தான். 2007-ல் தில்லி போலீஸ் வடகிழக்கு மாநிலத்தவருக்கென்று போட்ட கையேட்டில், வாசனை தூக்கலான உணவை அக்கம்பக்கத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் சமைக்கச் சொல்லியிருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு கருவாடு வறுத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கேலியும் ஒதுக்கலும் எங்கே போய் முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2014 ஜனவரியில் லஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கிண்டல் செய்ததில் தொடங்கிய தகராறு, அவர் உயிரையே வாங்கியது. அதன்பிறகு மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு சட்டத்தில் புதிய பிரிவுகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இனவெறிக்கு எதிராகத் தனிச் சட்டம் இன்னும் இல்லை.

'அமெரிக்காக் கதைக்கு வந்தோம், சாதியை எதுக்கு இழுக்கறீங்க' என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கோபப்படாமல் இரண்டு தகவலைச் சொல்லுங்கள். 1946-ல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். 1959-ல் கேரளத்தில் ஒரு தலித் மாணவர்கள் பள்ளியில் மார்ட்டின் லூதர் கிங்கை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். முதலில் அதிர்ந்தவர் பிறகு அது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டார். அவர்களே பார்த்த தொடர்பை நாம் ஏன் மறைக்க வேண்டும்? அப்புறம், வீடு பார்க்க வருகிறவரிடம் 'நீங்க எந்தப் பக்கம், என்ன ஆளுங்க' என்று கேட்பதும், பெண் பார்க்கையில் 'கொஞ்சம் நிறம் கம்மி' என்று சொல்வதும் இதே பேச்சுக்குள்தான் வர வேண்டும்.

வடகிழக்கு மாநிலத்தவரோ ஆப்பிரிக்க மாணவரோ வரச் சம்மதித்தால் ரொம்ப நல்லது. ஆனால் அவர்களை மேடையேற்றி உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள், வந்தவருக்கு அது தண்டனை. நம்மிடம் கேள்வி கேட்கிற உரிமையை அவர்களுக்குக் கொடுங்கள். பேச்சு இந்தியிலோ ஆங்கிலத்திலோ போகட்டும், தமிழில் பேசுகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்க்கலாம். சாப்பாட்டை அவர்களோடு சேர்ந்து சாப்பிடுங்கள்.

கலைவதற்கு முன் அந்த விளம்பர வரியை எல்லோருமாக உட்கார்ந்து திருத்தி எழுதுங்கள்: வாடகை, முன்பணம், எத்தனை பேர் தங்கலாம், அவ்வளவுதான். அடுத்து வீடு காலியாகப் போகிறவர்கள் அதே வரியைப் போடுவதாகக் கூட்டத்திலேயே பெயர் கொடுக்கட்டும். அந்தப் பட்டியலைச் செயலாளர் வைத்துக்கொண்டு, மார்ச்சில் பள்ளித் தேர்வு முடிந்து வீடு மாற்றுகிற சமயத்தில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, யாருக்கு வீடு கொடுத்தீர்கள், யாரை வேண்டாம் என்றீர்கள், ஏன் என்று கேட்க வேண்டும்.